ஒப்பீட்டுக்கு ஒரு மனைவி

நோய் வரக்கூடாது என்று நேர்த்திக்கடன் வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நோய் இருக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது அடியேன்தான். "பிள்ளையாரப்பா, இரத்தப் பரிசோதனையில் தைரொய்ட் கோளாறு என்று வந்துவிட்டால் உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன்" என்று நாற்பத்தைந்து வயதில், நல்ல பசியோடும் நல்ல நித்திரையோடும், கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். (பிள்ளையார் கேட்டதைக் கொடுத்தார். அதை எந்த விலாசத்துக்கு அனுப்பினார் என்பதுதான் கதை.)

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் வீட்டுப் படிக்கட்டு. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் காணி மலிவாக வருகிறது என்று வாங்கிப் போட்டேன். ஏன் மலிவு என்பது வீடு கட்டி முடிந்த பிறகுதான் விளங்கியது. ரோட்டு கீழே, வீடு மேலே. நடுவில் மூச்சு வாங்க வைக்கும் ஒரு படிக்கட்டு. அரிசி மூட்டை, தேங்காய், சீமெந்து, விருந்தாளிகளின் பெட்டி, எதுவாக இருந்தாலும் தூக்கித்தான் வர வேண்டும். எல்லாவற்றிலும் மோசமானது கேஸ் சிலிண்டர். லொறிக்காரன் அதை ரோட்டோரத்தில் இறக்கி வைப்பான், எங்கள் வீட்டை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பான், பாவப்பட்ட முகத்தோடு போய்விடுவான். மேலே கொண்டு வருவது குடும்பத் தலைவரின் கடமை.

குடும்பத் தலைவர் அந்த நேரம் படுத்திருப்பார்.

நான் கணித வாத்தியார். தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உத்தியோகம் பார்த்தேன். பாடசாலை விட்டு வந்து சோற்றைத் தின்றால் கண் தானாகச் சொருகும். எழுந்தால் பத்திரிகை, பிறகு கொஞ்சம் சாய்வு. மகள் நிலானி அப்போது பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் அப்போதே பட்டப்படிப்பு முடித்திருந்தது. "அப்பா படுத்தா அது பௌர்ணமி போயா லீவு மாதிரி. யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது" என்பாள்.

என் மனைவி சரஸ்வதி, வீட்டில் சரசு, ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஹேவாஹெட்ட தோட்டத்துப் பெண். அவளுடைய அப்பா அங்கே கங்காணியாக இருந்தவர். கொழுந்து பறிக்கிறவர்கள் கை அசந்தால் அவர் போடும் சத்தம் எதிர்மலை வரைக்கும் போய்த் திரும்பி வருமாம். அப்படிப்பட்டவருக்குப் பிறந்தும் சரசுவுக்குச் சத்தம் வராது. காலையில் சமையல், பகலில் தையல் மெசினில் ஊர்ப் பெண்களின் சட்டைகள், பின்னேரம் தோட்டத்து மரக்கறி என்று ஓடிக்கொண்டிருப்பாள். நான் படுத்திருப்பதைக் கடந்து போகும்போது "ம்ம்" என்பாள். அவ்வளவுதான். அந்த 'ம்ம்'முக்கு நான் இருபது வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

பதில் கீழ் வீட்டிலிருந்து கிடைத்தது. படிக்கட்டின் அடியில் சிவஞானம் ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தபால் அதிபராக இருந்து இளைப்பாறியவர். ஒருநாள் நான் அரிசிப் பையோடு அவர் வாசலில் இளைப்பு வாங்கிக்கொண்டு நின்றபோது கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என்ன மாஸ்டர், முதல் படியிலயே களைச்சுப் போனீர்?"

"என்னமோ ஐயா, உடம்புல தெம்பே இல்ல. வீட்டுல சோம்பேறின்னு நெனைக்கிறாங்க."

"ஆர் சொன்னது சோம்பேறி எண்டு? இது தைரொயிட்! என்ர மனுசிக்கும் இப்பிடித்தான் இருந்தது. இருந்த இடத்திலயே நித்திரை. உடம்பு வைக்கும். ஒரு வேலைக்கும் மனம் வராது. யோசனையும் மந்தமாப் போகும்."

அவர் சொல்லச் சொல்ல, யாரோ என் வாழ்க்கை வரலாற்றை உரத்து வாசிப்பது போல இருந்தது. "குளிரும் தாங்க ஏலாது, தலைமயிரும் கொட்டும்" என்றும் சொன்னார். எனக்குக் குளிர்வதில்லை. கொட்டுவதற்குத் தலையில் பெரிதாக ஒன்றும் மிச்சமும் இல்லை. முடிக் கேள்வியைத் தள்ளிவிட்டால் ஐந்துக்கு நான்கு பொருந்துகிறதே! எண்பது புள்ளி. எந்தப் பரீட்சையிலும் அது நல்ல தேர்ச்சிதான்.

"ஓம் மாஸ்டர், போய் இரத்தம் குடுத்துப் பாரும்" என்று ஐயா முடித்தார்.

அந்த அரிசிப் பையோடு நான் எப்படி மேலே ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு சந்தோஷம். சரசு வெயில் கொளுத்தும் பகலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தையல் மெசினின் மேல் தலையைச் சாய்த்திருந்தாள். தட்டி எழுப்பினேன்.

"சரசு, நான் சோம்பேறி இல்ல. எனக்கு வருத்தம், தைரொய்ட் வருத்தம்!"

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நல்லதுங்க. வருத்தக்காரரு கொஞ்சம் வந்து இந்தத் தேங்காய உரிச்சித் தர்றீங்களா?"

நிலானிதான் குறுக்கே விழுந்தாள். "ஏன்ப்பா, அம்மாவும்தானே மெசின்லயே தூங்குறாங்க? அம்மாவுக்கும்தானே முடி கொட்டுது? வெயில்லயும் ஸ்வெட்டரு போட்டிருக்காங்க."

"அம்மாவுக்கு இருக்கிறது களைப்பு. அப்பாவுக்கு இருக்கிறது வருத்தம். ரெண்டுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு மகள்" என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். பைதகரசைக் கூட அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை.)

பரிசோதனைக்கான ஆயத்தங்கள் அன்றே தொடங்கின. முட்டைக்கோவா தைரொய்ட்டுக்குக் கூடாது என்று சிவஞானம் ஐயா எச்சரித்திருந்தார். நான் அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டேன். இருக்கிற கோளாறு வெட்கப்பட்டு ஒளிந்திருந்தால் கோவா அதை வெளியே இழுத்து வரட்டும். வாரம் முழுக்கக் கோவா வறை, கோவா சுண்டல், கோவா போட்ட பருப்பு. வீட்டில் யாரும் யாரோடும் நெருங்கி உட்காரவில்லை. சட்டியைக் கழுவும்போதெல்லாம் சரசு ஜன்னலைத் திறந்து வைப்பாள்.

கண்டி டவுனில் நான் விசாரித்த பரிசோதனை நிலையத்தின் கண்ணாடியில் தம்பதியருக்குச் சலுகை என்று ஒட்டியிருந்தார்கள். சீனி, கொலஸ்ட்ரோல், தைரொய்ட் எல்லாம் சேர்ந்தது. அதைப் பார்த்ததும் என் கணித மூளை விழித்துக்கொண்டது. எதையும் நிரூபிக்க ஓர் ஒப்பீடு வேண்டும். தராசின் ஒரு தட்டில் படிக்கல் இருந்தால்தான் மறுதட்டு எவ்வளவு குறைகிறது என்று காட்ட முடியும். பகல் முழுக்க ஓடுகிற, நோய் நொடி இல்லாத ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால், என் தைரொய்ட்டின் பரிதாப நிலை பளிச்சென்று தெரிந்துவிடும்.

"எனக்கு எதுக்குங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்றாள் சரசு.

"அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டுப் போறேன். நல்லா இருக்கிற ஆள்தான் வேணும்."

முதல் நாள் இரவு இருவருக்கும் பட்டினி. மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் எனக்குத் தேத்தண்ணி வந்தது. குளித்துவிட்டு வந்ததும் இன்னொன்று. வெளிக்கிடும்போது குளிருக்கு இதமாகப் பால்மா போட்டு ஒன்று. இதில் என்ன பிழை என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களிடம் கேட்டால் அவர்களும் அதையே கேட்பார்கள். மலைநாட்டில் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் வராது. கந்தசஷ்டி விரதத்திலும் தேத்தண்ணி உண்டு. "காலையிலிருந்து ஒண்ணுமே வாயில வைக்கல" என்று சத்தியம் பண்ணுகிறவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருக்கும். அது முகம் கழுவுவதைப் போல, செருப்புப் போடுவதைப் போல. ஆண்டவனே கணக்கில் எடுக்காததைப் பரிசோதனை நிலையம் எடுக்கும் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்?

பரிசோதனை நிலையத்தில் ஒரு சிங்களப் பிள்ளை ஊசியும் கையுமாக இருந்தாள். நன்றாகத் தமிழ் பேசினாள்.

"ஐயா, ராவுக்குப் பிறகு ஒண்ணும் சாப்பிட்டது இல்ல நே?"

"பச்சத் தண்ணி கூட இல்ல மிஸ்" என்றேன். உண்மைதானே, பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"மூணு தேத்தண்ணி குடிச்சாருங்க" என்றாள் சரசு.

"சீனி போட்டா?"

"ரெண்டு ரெண்டு கரண்டி. கடைசி ஒண்ணுல பால்மாவும்."

அந்தப் பிள்ளை ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஐயா, அப்போ சீனி பாக்க ஏலாது. கொலஸ்ட்ரோலும் வேற நாள் பாப்பம்."

"தேத்தண்ணி சாப்பாடு இல்லையே மிஸ்!" என்று கொஞ்சம் குரல் உயர்த்திவிட்டேன். பின்னால் கதிரைகளில் காத்திருந்தவர்களிடையே சலசலப்பு எழுந்தது. "அதானே, தேத்தண்ணி என்ன சோறா?" என்று ஒரு பெரியவர் எனக்காக எழுந்தார். "பிளேன்டீயும் கூடாதாமா?" என்று ஓர் அம்மா பதறினார். அடுத்த நிமிடம், காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கைப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியேறினார்கள். வேலை மிச்சம் என்று அந்தப் பிள்ளை எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

"தைரொய்ட்டுக்குப் பட்டினி தேவையே இல்ல ஐயா. அதை மட்டும் இன்னைக்கு எடுப்பம்."

"தேவையே இல்லையா? அப்போ நேத்து ராத்திரி நான் இடியப்பத்த விட்டது?"

"அது சும்மா" என்றாள் இரக்கமில்லாமல். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "வேற குளிசை ஏதும் பாவிக்கிறதா? விட்டமின்? முடி வளர, நகம் வளரப் போடுற குளிசை? சிலது ரிசல்ட்டைப் பிழையாக் காட்டும்" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்து உச்சியைக் காட்டினேன். அவள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

சரசு அன்று உண்மையாகவே பட்டினி. சொட்டுத் தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. எனக்கு மூன்று கோப்பை போட்டுத் தந்தவள் தனக்குப் போட மறந்துபோனாளாம். "இப்பல்லாம் எல்லாம் மறக்குதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் பாடசாலை விட்டதும் முடிவுகளை எடுத்துக்கொண்டு வாவியோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். உறையைப் பிரித்தேன். எனது சாதாரண தரப் பெறுபேற்றைக் கூட இவ்வளவு ஆசையோடு பிரித்ததில்லை. இரண்டு தாள்களிலும் டி.எஸ்.எச். என்று ஒரே ஒரு சோதனை.

எனக்கு இரண்டு. சரசுவுக்கு நாற்பத்தாறு.

நாற்பத்தாறுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'எச்' என்று ஒன்று நின்றது. உயர்வு என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாதா? இரண்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டிய அளவு இவ்வளவு என்று ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தார்கள். கண்ணாடியைக் கொண்டு போகவில்லை. இரண்டையும் நாற்பத்தாறையும் ஒப்பிடக் கண்ணாடி எதற்கு? ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே கோவா. அவளிடம் தைரொய்ட் குவிந்து கிடக்கிறது, என்னிடம் இரண்டே இரண்டு! பெஞ்சில் இருந்தபடியே பிள்ளையாரை நினைத்துக் கும்பிட்டேன். பேக்கரியில் ஒரு பட்டர் கேக்கும் வாங்கிக்கொண்டேன்.

"ரெண்டோ?" என்று சிவஞானம் ஐயா வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஐயோ மாஸ்டர், அப்ப நீர் இவ்வளவு நாளும் எப்பிடி நடந்து திரிஞ்சனீர்?"

"மனத்தைரியம் ஐயா" என்றேன் அடக்கமாக.

வீட்டில் கேக்கை மேசையில் வைத்து, தாள்களைப் பக்கத்தில் விரித்து, சபை கூட்டினேன். "சரசு, உனக்கு நாப்பத்தாறு. எனக்கு ரெண்டு. உன் ஒடம்புல தைரொய்ட் பொங்கி வழியுது. என்கிட்ட சட்டி அடியில ஒட்டுனதுதான் இருக்கு. இனிமே யாரும் என்னச் சோம்பேறின்னு சொல்ல ஏலாது."

"அப்படிங்களா?" என்றாள் சரசு. "ஆனா எனக்கு ஒரே அசதியா இருக்குதுங்களே."

"அது கூடிப்போனதால வர்ற அசதி. பணக்காரனுக்கும் அசதி இருக்கும்தானே."

அவள் தலையாட்டினாள். நான் வாத்தியார் இல்லையா, சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

டொக்டரைச் 'செனல்' பண்ணியதில் அடுத்த வாரம்தான் நம்பர் கிடைத்தது. அதுவரை வீட்டு வேலைகளைத் தைரொய்ட் விகிதப்படி பங்கிட்டேன். கிணற்றடி, விறகு, சந்தை எல்லாம் நாற்பத்தாறுக்கு. பத்திரிகை வாசிப்பது இரண்டுக்கு. டொக்டரிடம் போவதற்கு முதல் நாள் கேஸ் லொறி வந்தது.

சரசுவும் நிலானியும் சிலிண்டரைச் சாக்கில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். நான் படிக்கட்டின் உச்சியில் நின்று "எடது பக்கம், எடது பக்கம், அந்தப் படி ஒடஞ்சிருக்கு" என்று வழி சொன்னேன். பாதி வழியில் சரசு உட்கார்ந்துவிட்டாள். முகம் வீங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

"பாத்தியா? தைரொய்ட் கூடுன ஆளுக்கே இப்படின்னா, என் நெலமைய யோசிச்சிப் பாரு" என்றேன் மேலேயிருந்து.

இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் நிலானி விட மாட்டாள்.

டொக்டர் ஓர் அம்மா. நடுத்தர வயது, அவசரப்படாத முகம். நோயாளிக்கான கதிரையில் நான் முந்திப் போய் உட்கார்ந்தேன். சரசு சுவரோரம் இருந்த வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் தாளை நீட்டினேன். பார்த்தார், திருப்பித் தந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நோர்மல்."

"டொக்டர், ரெண்டுதான் இருக்கு."

"ஓம், ரெண்டு நல்ல அளவுதான்."

"என் மனைவிக்கு நாப்பத்தாறு, டொக்டர். ஒப்பீட்டுக்காகத்தான் அவவையும் பாத்தோம்" என்று இரண்டாவது தாளை வெற்றியோடு நீட்டினேன். அதுதானே என் துருப்புச் சீட்டு.

டொக்டர் அதை வாங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைத் தாண்டி வாங்கைப் பார்த்தார்.

"சரஸ்வதி நீங்களாம்மா? இங்க வந்து இந்தக் கதிரையில இருங்க."

அந்தக் கதிரையில் நான் இருந்தேன். எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். நான் வாங்குக்குப் போனேன். டொக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார், ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிருதா? ஓம், வெயிலிலும். முடி கொட்டுதா? கொத்துக் கொத்தாக. மறதி? இருக்கு. தோல் காயுதா, முகம் வீங்குதா, குரல் தடிச்சிருக்கா? எல்லாவற்றுக்கும் சரசு மெல்லிய குரலில் ஆமாம் சொன்னாள். நான் ஐந்துக்கு நான்கு எடுத்த பரீட்சையில் அவள் ஒன்று கூடத் தவறவில்லை. எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்தவை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியலைங்க டொக்டர். வேலைன்னா அசதி வரும்தானேன்னு விட்டுட்டேன்."

"நேத்து என்ன வேலை செஞ்சீங்க?"

"கேஸ் சிலிண்டரு தூக்குனேங்க."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "இவர் எங்க நின்னார்?"

"மேல நின்னு வழி சொன்னாருங்க" என்றாள் சரசு. குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அந்த அறையில் ஒரு துவாரம் இருந்திருந்தால் புகுந்திருப்பேன். கடைசி முயற்சியாக, "டொக்டர், நாப்பத்தாறுன்னா அவவுக்கு தைரொய்ட் கூடத்தானே?" என்று கேட்டேன்.

"இல்ல, குறைவு. இந்த டி.எஸ்.எச். தைரொய்ட் இல்ல. தைரொய்ட்டைப் பாத்து 'வேலை செய், வேலை செய்' எண்டு மூளைப் பக்கமிருந்து வர்ற கட்டளை. அது ஒழுங்கா வேலை செஞ்சா கட்டளை கொஞ்சம் போதும். வேலை செய்யாட்டிக் கட்டளை கூடிக்கொண்டே போகும்."

நேர்மாறு விகிதசமன்! ஒன்று குறையும்போது மற்றது கூடும். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக் கிழித்த பாடம். எத்தனை பிள்ளைகளை அதற்காக வாங்கில் ஏற்றி நிறுத்தியிருப்பேன்! என் தலைக்குள் அது இறங்குவதற்குள் சரசு முந்திவிட்டாள்.

"அப்ப இது எங்க அப்பா சத்தம் மாதிரிங்களா டொக்டர்?"

"அப்பா சத்தமா?"

"எங்க அப்பா கங்காணிங்க. மலையில கொழுந்து கொறையக் கொறைய அவரு சத்தம் கூடும். கொழுந்து நெறைய விழுந்தா சத்தமே வராது."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "அதேதான்மா! நான் இவ்வளவு நாளும் இவ்வளவு லேசா யாருக்கும் சொன்னதில்ல."

சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு வாரத்தில் முதன்முதலாக அவள் முகத்தில் ஒரு குறும்பு. "அப்ப இவரு, சத்தத்தத் தராசுல போட்டுட்டுக் கொழுந்துன்னு எழுதிட்டாருங்க."

டொக்டர் சிரித்தார். கதவருகே நின்ற தாதியும் சிரித்தாள். வேறு வழி இல்லாததால் நானும் சிரித்தேன்.

இன்னொரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். குளிசையும் எழுதினார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு போட வேண்டும். சில கிழமைகளில் மீண்டும் சோதித்து அளவைச் சரிபார்ப்பாராம். பயப்பட ஒன்றும் இல்லை, ஒழுங்காகப் போட்டால் பழைய தெம்பு வரும் என்றார். சரசு எல்லாவற்றுக்கும் அமைதியாகத் தலையாட்டினாள்.

"தேத்தண்ணி அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான்" என்றதும்தான் அவள் முகம் மாறியது. "தேத்தண்ணியுமா டொக்டர்?" நாற்பத்தாறுக்குக் கலங்காதவள் அதற்குக் கலங்கினாள்.

எழுந்து வரும்போது எனக்கு மனம் கேட்கவில்லை. "அப்போ டொக்டர், எனக்கு வர்ற தூக்கம்?"

"சாப்பிட்ட பிறகு எல்லாருக்கும் வர்றதுதான். சோத்தைக் குறைங்க. வீட்டில படி இருக்கா?"

"நெறைய இருக்குங்க" என்றாள் சரசு.

"ஏறி இறங்குங்க. கையில ஏதாவது பாரத்தோட."

பஸ்ஸுக்காக வாவிக் கரையால் நடந்தோம். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நான் மட்டும் சலுகைக்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால், இவள் இன்னும் எத்தனை வருடம் மெசினில் தலை சாய்த்துக்கொண்டே இருந்திருப்பாள்? கடைசியில், "பயமா இருக்கா சரசு?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. நிம்மதியா இருக்கு. எனக்குத்தான் சோம்பேறித்தனம் புடிச்சிருச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். வெளிய சொல்லவும் வெக்கமா இருந்துச்சு."

வீட்டில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த 'ம்ம்' எனக்குச் சொன்னது என்றே இருந்துவிட்டேன். அதில் பாதி அவள் தனக்கே சொல்லிக்கொண்டது. அவளுடைய கைப்பையை வாங்கி நான் தூக்கிக்கொண்டேன். கைப்பையில் என்ன பாரம், ஆனாலும் எங்கேயாவது தொடங்க வேண்டுமே.

பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது நேர்த்திக்கடன் விஷயத்தைச் சொன்னேன். நடுரோட்டில் நின்று சிரித்தாள்.

"ஒடைங்க, ஒடைங்க. கேட்டதக் குடுத்துட்டாருல்ல?"

உண்மைதான். தைரொய்ட் கோளாறு வரட்டும் என்றேனே தவிர, யாருக்கு என்று நான் சொல்லவில்லை. கணித வாத்தியார் தரவைச் சரியாகக் கொடுக்கவில்லை. விடையை மட்டும் பிள்ளையார் சரியாகப் போட்டார். தேங்காயை நானே கையால் உரித்து உடைத்தேன். பிறகு குளிசை வேலை செய்யட்டும் என்று இன்னொன்றும் உடைத்தேன், இம்முறை பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி.

ஒரு வருடத்துக்குள் ஸ்வெட்டர் அலுமாரிக்குள் போனது. சரசுவின் குரல் தெளிந்தது, முடி வளர்ந்தது, கண்ணில் ஒளி வந்தது. காலையில் அவள் குளிசையைப் போட்டுவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அரை மணித்தியாலம் முடியும்போது அவள் கையில் தேத்தண்ணி இருக்க வேண்டும். போடுவது நான். அவள் குடிக்கும் வரை நானும் குடிப்பதில்லை.

எங்கள் வீட்டில் 'நோர்மல்' என்ற சொல் அன்றிலிருந்து வசைச்சொல் ஆகிவிட்டது. யாராவது வேலைக்குக் கள்ளம் போட்டால் "ரிப்போட் நோர்மல், எழும்பு!" என்பதுதான் அதட்டல். நிலானியைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கி, "குடும்பத்துல யாருக்கும் வருத்தம் ஏதும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். "அம்மாவுக்குத் தைரொய்ட். குளிசை போடுறாங்க, நல்லா இருக்காங்க" என்றாள் நிலானி. "அப்பாவுக்கு?" "அப்பா நோர்மலுங்க" என்றாளோ இல்லையோ, சரசு பலகாரத் தட்டோடு குசினிக்குள் ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கும் சத்தத்தைக் கேட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் விழித்தார்கள். மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கதை தெரிந்தது. இப்போது அவர் வீட்டிலும் அதே அதட்டல்தானாம்.

போன கிழமையும் கேஸ் லொறி வந்தது. நான் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வழக்கமான நடுப்படியில் மெல்ல இறக்கி வைத்து உட்கார்ந்தேன். சரசுவின் கடைசி ரிப்போட்டில் டி.எஸ்.எச். இரண்டு. என்னுடைய அதே இரண்டு. அவள் கழுத்தருகே நின்று கத்திக்கொண்டிருந்த கங்காணி அடங்கிவிட்டார் என்று டொக்டர் சந்தோஷமாகச் சொன்னார். எங்கே போனார் என்பது டொக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"என்னங்க, அங்கென்ன ஒக்காந்துட்டீங்க?" படிக்கட்டின் உச்சியிலிருந்து வந்த சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. "எடது பக்கமா வாங்க, அந்தப் படி ஒடஞ்சிருக்கு!"